தும்பிக்கை திரும்பிய பக்கம்

கொட்டாஞ்சேனை ஜம்பட்டா வீதியால் வந்து, மாதா சிலைக் கூட்டுக்குப் பக்கத்தில் பிரியும் ஒழுங்கைக்குள் இறங்கினால், மூன்றாவது வீட்டு வாசலில் எந்த நேரமும் நாலைந்து மோட்டார் சைக்கிள் சைலன்சர்கள் சுவரில் சாய்ந்திருக்கும். அதுதான் எட்வேட்டின் பூச்சுக்கடை. பெயர்ப்பலகை ஒன்று இருந்தது. அதன் எழுத்துக்களுக்கு நிக்கல் பூசிப் போடுகிறேன் என்று ஐந்து வருடத்துக்கு முன் கழற்றியவன் இன்னும் திருப்பி மாட்டவில்லை.

முன்பக்கம் எட்வேட்டின் ராச்சியம். முச்சக்கர வண்டி பம்பர், சைக்கிள் ஹான்டில், தண்ணீர்க் குழாய், விளையாட்டுப் போட்டிக் கிண்ணம், கோயில் குத்துவிளக்கு என்று எல்லாம் அங்கேதான் முழுகும். உள் அறை அவன் மனைவி பிறிஜெற்றுடையது. அங்கே தங்கமும் வெள்ளியும். இரண்டு அறைக்கும் நடுவில் ஒரு திரைச்சீலை. அமிலப் புகை பட்டு அதன் பூக்களெல்லாம் ஒரே நிறமாகிவிட்டன. பொன் நீரில் நஞ்சு உண்டு என்பதால் அந்தத் திரைக்கு உள்ளே தேத்தண்ணீர் குடிக்கக்கூடாது என்பது பிறிஜெற்றின் சட்டம். எட்வேட் திரைக்கு வெளியே நின்று, தலையை மட்டும் உள்ளே நீட்டிக்கொண்டு குடிப்பான்.

எட்வேட்டிடம் ஒரு குணம். கேட்டாலும் கேட்காவிட்டாலும் வந்தவனுக்குப் பாடம் எடுப்பான்.

"இந்தப் பக்கம் பிளஸ். அதில நிக்கல் தகடு. அந்தப் பக்கம் மைனஸ். அதில உங்கட சாமான். கரண்ட் குடுத்தா தகட்டில இருக்கிற நிக்கல் கரைஞ்சு, தண்ணிக்குள்ளால போய்ச் சாமானில ஒட்டும். மெஜிக் ஒண்டும் இல்ல. வயர மாத்திக் குடுத்தா ஒட்டினது எல்லாம் திரும்பக் கழண்டு வந்துடும்."

"தங்கமும் அப்படித்தானா?"

"தங்கத்துக்குத் தகடு வைக்கிறல்ல, கட்டாது. தண்ணிக்குள்ளயே தங்கம் கரைஞ்சிருக்கு. தடிப்பு எவ்வளவு எண்டு நினைக்கிறீங்க? உங்கட தலமயிரில நூறில ஒரு பங்கும் வராது."

வந்தவன் தன் சைலன்சரைப் பார்ப்பான். தலைமயிரைத் தடவுவான். எட்வேட்டுக்குத் திருப்தி.

அந்தப் புதன்கிழமை விடிந்ததிலிருந்து மழை. ஒழுங்கையில் தண்ணீர் கணுக்கால் மட்டும் நின்றது. எட்வேட் சைலன்சர்களை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தபோது ஒரு கறுப்புக் குடை வாசலில் வந்து நின்றது. குடைக்குக் கீழே சரோஜினிதேவி.

வெள்ளவத்தையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். வெள்ளவத்தையில் இல்லாத நகைக்கடையா, பூச்சுக்கடையா? இருக்கிறது. ஆனால் அங்கே எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் ஒரு சொந்தக்காரர் நிற்பார். கொட்டாஞ்சேனையில் அவளை யாருக்கும் தெரியாது. அதற்காகத்தான் இங்கே வருகிறாள். இந்த மூன்று வருடத்தில் இது மூன்றாம் தரம்.

"வாங்க அன்டி. சரியா நனைஞ்சிட்டீங்க. இந்தத் துவாயால தலையத் தொடைங்க" என்று உள் அறைக்குள் கூட்டிக்கொண்டு போனாள் பிறிஜெற்.

"பரவாயில்லைப் பிள்ளை. பஸ்ஸால இறங்கத்தான் மழை பிடிச்சுது." சரோஜினிதேவி திரைச்சீலையைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "இண்டைக்கே செய்து தரேலுமே? வெள்ளிக்கிழமை வேணும்."

"செய்வம். முதல்ல இருங்க. இஞ்சி போட்ட பிளேன்ரீ ஒண்டு குடிங்க. எட்வேட், அன்டிக்கு மீன் மாலுபாண் ஒண்டு வாங்கிட்டு வாங்க."

"ஐயோ, நான் புதன்கிழமை மச்சம் தின்னிறேல்லை."

"அப்ப சீனி பணிஸ்" என்றபடி எட்வேட் தலையில் ஒரு பொலித்தீன் பையைக் கவிழ்த்துக்கொண்டு மழைக்குள் இறங்கினான்.

சரோஜினிதேவியின் கதை பிறிஜெற்றுக்குத் தெரியும். உலகத்தில் அவளுக்கு மட்டும்தான் தெரியும். மூன்று வருடத்துக்கு முன், சரோஜினிதேவியின் கணவர் நவரத்தினம் நெஞ்சு வலியில் விழுந்து தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தார். மூன்றாம் நாள் காலை, அவருக்குச் சூப் காய்ச்சி எடுத்துக்கொண்டு அவள் ஒழுங்கையால் நடந்தபோது மோட்டார் சைக்கிளில் வந்த இருவர் அவள் கழுத்துக்குக் கைவிட்டார்கள். தாலிக்கொடி போய்விட்டது. புருசன் உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கிற நேரத்தில் தாலி அறுந்தால் ஒரு யாழ்ப்பாணத்துப் பெண் என்ன நினைப்பாள் என்று சொல்ல வேண்டியதில்லை. சூப் சிந்திய சேலையோடு அவள் நடு ஒழுங்கையில் இருந்துவிட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போகக் கால் வரவில்லை. போனால் என்ன சேதி காத்திருக்கும் என்ற பயம். போனபோது நவரத்தினம் கண் விழித்து, சூப் எங்கே என்று கேட்டார்.

சேலைத் தலைப்பைக் கழுத்தோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு, ஊத்துண்டு போச்சு என்றாள். சொன்னது பொய்யுமல்ல.

அதன் பிறகு அவள் வாய் திறக்கவில்லை. டொக்டர், மனுசனுக்கு அதிர்ச்சி கூடாது என்று சொல்லியிருந்தார். ஊரறியாமல் ஒரு கவரிங் தாலிக்கொடி செய்வித்துப் போட்டுக்கொண்டாள். பித்தளைக்கு மேல் பொன் பூச்சு. வியர்வையும் வெள்ளவத்தைக் கடல் காற்றும் சேர்ந்து வருடத்துக்கு ஒருதரம் அதைக் கறுக்கவைக்கும். கறுத்தால் பிறிஜெற்.

"வெள்ளிக்கிழமை என்ன விசேசம்?" பிறிஜெற் கேட்டாள்.

"இவருக்கு அறுபதாங் கலியாணம்."

"அட, சந்தோசமான விசயம்தானே! அதுக்கேன் முகத்த இப்படி வச்சிருக்கிறீங்க?"

"சந்தோசமோ?" சரோஜினிதேவி துவாயை மடியில் வைத்து நாலாக மடித்தாள், திரும்ப விரித்தாள். "புதுத் தாலி ஒண்டும் வேண்டாமாம். கட்டின தாலியைத்தான் திருப்பிக் கட்டுவாராம். தட்டில வைச்சுச் சபை முழுக்கக் கொண்டுபோய் ஆசீர்வாதம் வாங்கவேணும். லண்டனால என்ர மச்சாள் வந்து நிக்கிறா. கலியாணத்தில தாலித் தட்டுக் காவினவ அவதான். தொட்டவுடன கனத்தில தெரிஞ்சிடும். கனம் போகட்டும் பிள்ளை, தும்பிக்கைக்கு என்ன செய்யிறது?"

"தும்பிக்கையா?"

இது பிறிஜெற்றும் அறியாத கதை. சரோஜினிதேவி வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னாள்.

அவளுடையது பிள்ளையார் தாலி. கவரிங் செய்கிறவன் தாலியின் அமைப்பைக் கேட்டான். கலியாணப் படத்தில் மாலைகளுக்குள் தாலி மறைந்துபோய்விட்டது. அதனால் வாயால்தான் சொல்லவேண்டியிருந்தது. கண்ணை மூடி, காலையில் தலை வாரி இழுக்கும்போது கண்ணாடியில் தெரியும் தாலியை நினைத்துக்கொண்டு, தும்பிக்கை வலப்பக்கம் திரும்பியிருக்கும் என்றாள். அவனும் அப்படியே செய்தான். கொண்டுவந்து கழுத்தில் போட்டுக் கண்ணாடிக்கு முன் நின்றால், தும்பிக்கை இடப்பக்கம் பார்க்கிறது! முப்பத்திரண்டு வருடமாகத் தன் தாலியைக் கண்ணாடிக்குள்தான் பார்த்திருக்கிறோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. குனிந்து கையில் தூக்கிப் பார்த்தாலும் தலைகீழ். போட்டிருக்கிறவள் ஒருநாளும் எதிரே நின்று தன் தாலியைப் பார்ப்பதில்லை.

"திருப்பிச் செய்விக்க நேரமில்லை. அண்டைக்குப் பின்னேரம் ஆஸ்பத்திரியால இவரை வீட்டை அனுப்பிப்போட்டினம். அப்பிடியே போட்டுக்கொண்டு முன்னால போய் நிண்டன்."

"அங்கிள் பாக்கலயா?"

"எங்கை பாக்கிறார்! புதுக்கடைக் கோட்டில முப்பது வருசம் ஒரு சட்டத்தரணியிட்ட கிளாக்கா இருந்தவர். காணி உறுதியில ஒரு சுழி மாறினாலும் பிடிச்சுப்போடுவார். பொம்பிளையின்ர கழுத்தில என்ன தொங்குது எண்டு பாக்கத் தெரியாது. நல்லகாலம் எண்டு இருந்தன். வெள்ளிக்கிழமை ஐயர் தாலியை எடுத்து அவரிட்ட நேராக் குடுக்கப்போறார். என்ன செய்ய?" அவள் முன்னால் சரிந்தாள். "பிள்ளை, பூசேக்கை அந்தத் தும்பிக்கையைக் கொஞ்சம் மற்றப் பக்கம் திருப்பேலாதே?"

பிறிஜெற்றுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் அந்த மனுசி அழுதுவிடுவாள் என்று தெரிந்து அடக்கிக்கொண்டாள்.

"ஏலாது அன்டி. அடியில என்ன இருக்கோ அதுக்கு மேல தோல் மாதிரிப் படியும். அவ்வளவுதான். அடியில கீறல் இருந்தா மேலயும் கீறல். தும்பிக்கை அந்தப் பக்கம் எண்டா அந்தப் பக்கம்தான்."

எட்வேட் சொட்டச் சொட்ட வந்து சீனி பணிசை நீட்டினான். சரோஜினிதேவி திரைக்கு வெளியே வந்திருந்து, அதைப் பிய்த்துத் தேத்தண்ணீரில் தோய்த்துத் தின்றாள். பயத்திலும் பசிக்கத்தான் செய்கிறது. தின்றுகொண்டே வீட்டுக் கதை கதைத்தாள். மகன் மெல்பேணிலிருந்து வர லீவு கிடைக்கவில்லை. நவரத்தினத்துக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம். போனில் கத்திக் கதைக்கிறார். நேரத்துக்குக் குளிசை போடுகிறார் இல்லை.

"என்ர அய்யா போட்ட கலியாண மோதிரத்தையும் இப்ப போடுறேல்லை. குளிசையால விரல் வீங்குதாம். கழட்டி வைச்சிட்டாராம். எங்கை வைச்சனீங்கள் எண்டு கேட்டால், கிடக்குது, கிடக்குது எண்டு சொல்லுறார். வெள்ளிக்கிழமைக்கெண்டாலும் போடுங்கோ எண்டன். பேச்சில்லை."

குடித்து முடித்துக் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்து, சரோஜினிதேவி கைப்பையிலிருந்து ஒரு மஞ்சள் நூலை எடுத்தாள். அதில் ஒரு மஞ்சள் துண்டு கட்டியிருந்தது. முதலில் அதைக் கழுத்தில் கட்டி, முடிச்சு இறுகியதா என்று இழுத்துப் பார்த்து, அதன் பிறகுதான் கொடியைக் கழற்றினாள். கவரிங் என்றாலும், கழுத்து ஒரு நிமிடமும் வெறுமையாக இருக்கக்கூடாது. பிறிஜெற்றின் கழுத்தில் கிடந்தது கத்தோலிக்கர் கட்டும் புறாத் தாலி. அவளுக்கு இந்த வழக்கம் இல்லை. ஆனாலும் அந்த முடிச்சு விழும்வரை முந்திய இரு தரமும் போல இந்தத் தரமும் கை நீட்டாமல் காத்து நின்றாள்.

கொடி நன்றாகக் கறுத்திருந்தது. கழுத்துப் பின்பக்கத்தில் பித்தளை பல்லைக் காட்டியது. தாலியின் மேல் மஞ்சளும் குங்குமமும் சந்தனமும் அப்பிப் பொருக்காகிக் கிடந்தன.

பூச்சு வேலையில் பூச்சு கடைசி. அதற்கு முதல் கழுவல்தான். சவர்க்காரத் தண்ணீர், பிறகு சுடு சோடா, பிறகு பச்சைத் தண்ணீர். விரலில் இருக்கிற எண்ணெய் பட்டாலும் அந்த இடத்தில் பொன் பிடிக்காது. அதனால் பிறிஜெற் கையுறை போட்டு, பழைய பல் தூரிகையால் ஒவ்வொரு கண்ணியாகத் தேய்த்தாள். அடுத்தது சோதனை. அடியில் என்ன உலோகம் என்று தெரியாமல் அவள் ஒரு தோட்டைக்கூடத் தொட்டிக்குள் விடமாட்டாள். கண்ணாடிக் குச்சியால் அமிலத்தில் ஒரு துளி தொட்டு, கொடியின் தேய்ந்த கண்ணியில் வைத்தாள். பச்சை நுரை பொங்கியது. பித்தளை. கொடியைப் பூட்டும் சுரையில் வைத்தாள். பச்சை. தாலியின் பின்புறம் ஓர் ஓரத்தில் அரத்தால் மெல்ல ஒரு கீறுக் கீறி, அதில் ஒரு துளி வைத்தாள்.

ஒன்றும் நடக்கவில்லை.

பழைய பூச்சு இன்னும் இருக்கிறதாக்கும் என்று கொஞ்சம் ஆழமாகக் கீறினாள். துளி தண்ணீரைப் போலக் கிடந்தது. கீறலுக்குள்ளும் மஞ்சள். போன இரண்டு தரமும் இதே இடத்தில் பச்சை பொங்கியது அவளுக்கு நல்ல நினைவு. தாலியை உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்தாள். பிறகு திரையை விலக்கி எட்வேட்டைக் கூப்பிட்டாள்.

எட்வேட் பாடம் எடுக்கவில்லை. தாலியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது பொன்" என்று மட்டும் மெதுவாகச் சொன்னான். "வயர மாத்திப் பழைய பூச்சக் கழட்டப்போறியா? இத அதுக்குள்ள விட்டுடாத. நல்ல தங்கத்தத் தின்னுடும்."

பிறிஜெற் தாலியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அடுத்தவர் வீட்டுக் கதைக்குள் கால் வைக்கிறவள் அல்ல அவள். பேசாமல் கழற்றி, கொடிக்கு மட்டும் பூசி, திரும்பக் கோத்துக் கொடுத்துவிடலாம். அந்த மனுசி எப்போதும் போலப் பயந்துகொண்டே வெள்ளவத்தைக்குப் போவாள். வெள்ளிக்கிழமை வரை உறங்கமாட்டாள். அதை நினைக்கத்தான் பிறிஜெற்றுக்கு மனம் வரவில்லை.

"அன்டி," என்றாள். "போன தரம் நான் பூசித் தந்ததுக்குப் பிறகு இத எப்பயாவது கழட்டினீங்களா?"

"நான் ஏன் கழட்டப்போறன்?"

"யோசிச்சுச் சொல்லுங்க."

சரோஜினிதேவி யோசித்தாள். "மாசியில எனக்குப் பித்தப்பைக் கல்லு எடுத்தது. தியேட்டருக்குள்ள நகை போடேலாது எண்டு நேர்ஸ் பிள்ளை சொல்லிச்சுது. இந்த மாதிரித்தான் மஞ்சள் கட்டிக்கொண்டு, கொடியை லேஞ்சித் துணியில முடிஞ்சு இவரிட்டக் குடுத்தனான். நாலு நாள் அவரிட்ட இருந்தது. அவர் அவிட்டுப் பாப்பாரோ எண்டு மயக்க ஊசி போடுமட்டும் அதுதான் யோசினை. வீட்டை வரத் திருப்பித் தந்தார். முடிஞ்சு குடுத்த மாதிரியே இருந்தது. ஏன் பிள்ளை?"

"தாலி கறுக்கல்லயே, கவனிக்கல்லயா? பாரம் தெரியல்லயா?"

"மஞ்சள் பூசிறதால கறுக்கேல்லையாக்கும் எண்டு நினைச்சன். ஒப்பரேசன் செய்த உடம்பில எல்லாம்தான் பாரம். ஏன் கேக்கிறாய்? பழுதாப்போச்சே?"

பிறிஜெற் குறடால் வளையத்தை விரித்துத் தாலியைக் கொடியிலிருந்து பிரித்தாள். ஒரு வெள்ளைத் துணியில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, இரண்டிலும் ஒவ்வொரு துளி வைத்தாள்.

"பாருங்க. கொடி பொங்குது. பித்தளை. தாலி பேசாம இருக்கு. இது பொன் அன்டி. பூச்சில்ல. உள்ளுக்கும் பொன்தான்."

"விசர்க் கதை கதைக்காதை பிள்ளை. வேற ஆற்றையேன் தாலி மாறி வந்திட்டுதே?"

"உங்கடதா எண்டு நீங்களே பாருங்க."

சரோஜினிதேவி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தாள். கழுவின தாலியில் பிள்ளையார் தெளிவாக இருந்தார். தும்பிக்கை வலப்பக்கம் திரும்பியிருந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு தவறாகச் சொன்ன அதே பக்கம்.

வேறு யாருடையதோ தாலி மாறி வந்திருந்தால், இந்தப் பிழையும் கூடவே வந்திருக்காது. உண்மையான தாலி எந்தப் பக்கம் பார்த்தது என்று தினமும் எதிரே நின்று பார்த்த ஒரேயொரு ஆள் நவரத்தினம்தான். அவர் பார்த்திருக்கிறார். ஆஸ்பத்திரியால் வந்த அன்றே பார்த்திருப்பார். தட்டானிடம் போய், சரியான பக்கம் வைக்கச் சொல்லாமல், இந்தப் பக்கம்தான் வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்.

"மோதிரம்… அதை உருக்கித்தான்…" என்றாள் சரோஜினிதேவி. துவாயை எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. மூன்று வருடத்துப் பயம் ஒரேயடியாக இறங்கினால் உடம்பு அப்படித்தான் ஆடும். எட்வேட் திரைக்கு அப்பால் போய் ஒரு சைலன்சரைத் தேவையில்லாமல் தேய்க்கத் தொடங்கினான். பிறிஜெற்றும் அழுதாள், கையுறையோடு கண்ணைத் துடைக்கக்கூடாது என்ற நினைவு வந்து கண்ணீரை வழிய விட்டாள்.

அப்போது கைப்பைக்குள் போன் அடித்தது. சரோஜினிதேவி எடுத்துப் பார்த்துவிட்டு நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். நாலாவது தரம் மணி அடித்தபோது எடுத்தாள்.

"சொல்லுங்கோ."

"எங்கை நிக்கிறீர்?" நவரத்தினத்தின் குரல் ஒழுங்கைக்கே கேட்டது. "இஞ்சை நல்ல மழை."

இந்தக் கேள்விக்கு அவளிடம் எப்போதும் ஒரு விடை உண்டு. கோயில்ல நிக்கிறன், வாறன். இரண்டு தரமும் அதைத்தான் சொன்னாள். இன்றைக்கும் வாய் அதற்குத்தான் திறந்தது.

"கொட்டாஞ்சேனையில நிக்கிறன்," என்றாள். "தாலிக்கொடிக்குப் பூச வந்தனான். பூச்சுக்கடையில."

கூரைத் தகட்டில் மழை விழுந்துகொண்டிருந்தது. எட்வேட் தேய்ப்பதை நிறுத்திவிட்டான்.

"சரி," என்றது குரல். இப்போது அது அவ்வளவு சத்தமாக இல்லை. "கொடிக்கு மட்டும் பூசச் சொல்லும். தாலிக்குத் தேவையில்லை."

சரோஜினிதேவி போனைக் காதோடு அழுத்திப் பிடித்தாள்.

"கேக்குதே? குடை கொண்டு போனீரோ?"

"ஓம். கொண்டு வந்தனான்."

"மெல்லமா வாரும். வழுக்கும்."

போனை வைத்துவிட்டு அவள் அந்தத் தாலியைக் கையில் எடுத்தாள். பிறகு கழுத்தில் கிடந்த மஞ்சள் நூலை முன்னால் இழுத்து, பிறிஜெற்றிடம் சொல்லி, மஞ்சள் துண்டுக்குப் பக்கத்தில் தாலியைக் கோக்கச் செய்தாள். கழுத்து நூலை அவிழ்க்கவில்லை. வளையத்தை விரித்து நூலோடு சேர்த்துப் பிறிஜெற் நெரித்து விட்டாள்.

கொடி தனியாகத் தொட்டிக்குள் இறங்கியது. பழைய கறுப்புக் கழன்று, நிக்கல் படிந்து, கழுவி, கடைசியாகப் பொன் நீருக்குள் செப்புக் கம்பியில் தொங்கியது. பிறிஜெற் கரண்டைப் போட்டாள். வெளுத்துக் கிடந்த கண்ணிகள் ஒவ்வொன்றாக மஞ்சளாவதைச் சரோஜினிதேவி தொட்டிக்குப் பக்கத்தில் நின்று பார்த்தாள். முதல் இரண்டு தரமும் அவள் அந்தப் பக்கம் திரும்பியே பார்த்ததில்லை.

"தலமயிரில நூறில ஒரு பங்கும் வராது அன்டி" என்று எட்வேட் தொடங்கினான்.

"நீங்க சும்மா இருங்க" என்றாள் பிறிஜெற். பிறகு, கொடியை எடுத்துத் தண்ணீரில் அலசிக்கொண்டே கேட்டாள். "கனத்துக்கு என்ன செய்வீங்க அன்டி? லண்டன் மச்சாள் தொட்டுப் பாப்பாதானே. தும்பிக்கையையும் கேட்டா?"

சரோஜினிதேவி குடையை எடுத்து உதறினாள்.

"கேக்கட்டும். அவரைக் கேக்கச் சொல்லுவன்," என்றாள். "அவர்தானே செய்விச்சவர்."